பதினான்காம் வீட்டில் இறங்கிய கோடு

எங்கள் வரிசையின் பத்தொன்பது வீடுகளுக்குள்ளும் பச்சைக் கோடு புகுந்து போனது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரத்தில். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைப் பிடிப்பதா, ஒரு சுவரிலிருந்து புறப்பட்டு எதிர்ச்சுவருக்குள் மறையும் வெளிச்சத்தைப் பார்ப்பதா என்றால் குடத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் அண்டாவும் குடங்களும் தொட்டியும் நிரம்பி, குழாய் வெறும் காற்றைத் துப்பத் தொடங்கிய பிறகுதான் பெண்கள் இடுப்பில் கைவைத்து நின்று அதைப் பார்த்தார்கள். நூல் தடிமன் இருந்தது. நெஞ்சு உயரத்தில் போனது. குறுக்கே கையை வைத்தால் கையின் மேலாகவே ஓடியது, சுடவில்லை, வண்டு மாதிரி மெல்ல முனகியது.

“ஏழாம் நெம்பர்ல இருந்துதான் வருது,” என்றாள் ஒன்பதாம் வீட்டு ஜோதிமணி. “பாணியண்ணன் மெசினப் போட்டுட்டாரு.”

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

பம்ப் மோட்டார் ஆலை நடந்துகொண்டிருந்த காலத்தில் அதன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை. ஒரு நீளக் கட்டடத்தைப் பதினெட்டு இடங்களில் தடுத்துப் பத்தொன்பது வீடுகள் ஆக்கியிருந்தார்கள். ஒரே கூரை, ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்தொன்பது வீட்டிலும் இருமுவோம். ஆலை மூடியபோது வீடுகள் எங்களுக்கே வந்துவிட்டன. ஆலை போய்விட்டது, சங்கு போய்விட்டது, நாங்கள் மட்டும் ஒருவர் சுவரில் ஒருவர் சாய்ந்தபடி மிச்சமிருந்தோம்.

ஏழாம் வீட்டுக் கோதண்டபாணி ஆலையின் கருவி அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஆலையில் எங்கெல்லாம் மீட்டர் இருக்கிறதோ அதையெல்லாம் கழற்றி வந்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஆலையைப் பழைய இரும்புக்குப் போட்ட நாளில் மற்றவர்கள் மின்விசிறியையும் மேசையையும் கேட்டு நின்றார்கள். அவர் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த ஆசிலோஸ்கோப்பைக் கேட்டு வாங்கி, தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆட்டுக்கல் கனம் கனக்கும் சாம்பல் நிறப் பெட்டி. அதன் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி இறங்குவதை அந்தக் கண்ணாடியில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தவர் பல வருடம் தொடவில்லை. பிறகு ஒரு நாள், எந்தக் காரணமும் சொல்லாமல், வெளியே இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

“ஏனுங்க, இந்த வயசுல அதச் சரி பண்ணி யாருக்குக் காட்டப் போறீங்க?” என்றாள் அவர் மனைவி வசந்தாமணி.

“யாருக்கும் இல்ல. ஒண்ணையாவது சரியா வெக்கோணும்.”

“கிரைண்டர் பெல்ட்டு அறுந்து ஒரு மாசமாச்சு. அதையும் ஒண்ணுன்னு எடுத்துக்கலாமே.”

ஒரு கருவி சரியா என்று பார்க்க வேண்டுமானால் அதைவிடச் சரியான இன்னொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஆலையில் அதற்கென்று குளிரூட்டிய அறையும், கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத் துணியில் படுத்திருந்த அளவுகோல்களும் இருந்தன. வீட்டில் என்ன இருந்தது? புதிய டார்ச் செல் இருந்தது, அதற்கு ஒன்றரை வோல்ட். மூன்றைக் கோத்தால் நாலரை. ஒரு நொடிக்கு ஐம்பது முறை அலையும் வீட்டு மின்சாரம் இருந்தது; அதைக் காலிங் பெல்லின் சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாக இறக்கிக் கண்ணாடியில் ஓடவிட்டால் அலைகள் கட்டத்துக்குக் கட்டம் பொருந்துகின்றனவா என்று எண்ணலாம். சுவர்க் கடிகாரம் இருந்தது. அதன் முள்ளை நொடிக்கொரு முறை தள்ளும் துடிப்பு இருந்தது. இரும்புத் திருப்புளி பட்டால் கோடு அரளும் என்பதால் மூங்கில் சிம்பைச் சீவிக் கூர்மையாக்கி, பெட்டியின் பின்னால் இருந்த திருகுகளை அதனால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பதினான்கு நாள் காலையில் குளித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். வால்வுகள் சூடேறக் காப்பி ஆறும் நேரம் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். குளிரூட்டிய அறையில் முப்பது வருடம் இருந்தும் அவர் ஒருநாளும் இப்படிக் காத்திருந்ததில்லை.

பதினான்காம் நாள் ஒரு சந்தேகம் வந்தது. புதிய செல்லில் ஒன்றரைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். எவ்வளவு கூடுதல் என்று தெரியாவிட்டால் எல்லாமே குத்துமதிப்புதான். அவரிடம் வேறு மீட்டர் இல்லை. ஒன்று இருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டியில் சுற்றி, பதினாறு வருடமாக இருந்தது. அதை எடுத்தார். வருடத்துக்கு ஒருமுறை யாரும் இல்லாத நேரத்தில் அதைத் திறந்து, முள்ளின் அச்சைத் துடைத்து, ஒரு பொட்டு எண்ணெய் தொட்டு, மறுபடி மூடி வைத்துக்கொண்டிருந்தார். ஆகவே ஊரில் அதைவிடச் சரியான மீட்டர் இருக்க முடியாது என்று நினைத்தார். அதன் குமிழைச் சின்ன அளவுக்குத் திருப்பி வைத்துச் செல்லை அளந்தார். அது சொன்னபடி கோட்டின் பூஜ்யத்தை வைத்தார். கடைசியில் பெட்டிக்கு எர்த் வேண்டும் என்று ஒரு கம்பியைத் தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டினார்.

அப்போதுதான் கோடு கண்ணாடியின் இரண்டு ஓரங்களிலிருந்தும் வெளியே வந்தது. ஒரு முனை ஆறாம் வீட்டுப் பக்கம் போனது. மறுமுனை எட்டாம் வீட்டுப் பக்கம் போனது. கடைசிச் சுவரைத் தாண்டி ஒரு முருங்கை மரத்தில் போய் முடிந்தது.

ஒரு வாரத்துக்குள் அது எங்கள் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. கோணலாகத் தொங்கிய சாமி படங்களை அதன் மட்டத்துக்கு நேராக்கினோம். அலமாரிகளைக் கழற்றி அதன் மேல் வைத்தது போல மறுபடி அடித்தோம். பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிறுத்தி யார் வளர்ந்தார்கள், யார் வளரவில்லை என்று பார்த்தோம். அழுகிற குழந்தையை அதனடியில் தொட்டில் கட்டிப் போட்டால் அந்த முனகலில் தூங்கிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியை வாங்கிக்கொண்டு, “இதுதானுங்ளா அது,” என்று கேட்டார்கள். நாங்கள் “இதுதானுங்க,” என்றோம். கொத்து வேலை செய்யும் ஆறுச்சாமி மூன்றாம் வீட்டில் கழிவறை கட்டும்போது கோட்டிலிருந்து கீழே அளந்து கட்டினார். கோதண்டபாணி தெருவில் போனால் இளவட்டங்கள் சார் என்றார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. பணிவு என்று நினைத்துக்கொண்டோம்.

பதினான்காம் வீட்டில் மட்டும் கோடு வேறு மாதிரி இருந்தது.

அது பூவாத்தாள் வீடு. பதின்மூன்றாம் வீட்டிலிருந்து நெஞ்சு உயரத்தில் உள்ளே வரும் கோடு, யாரோ அதன்மேல் உட்கார்ந்தது போல நடுக்கூடத்தில் தொய்ந்து, தரைக்கு இறங்கி, பூவாத்தாளின் கணவர் வெள்ளிங்கிரியின் போட்டோவுக்கு நேர்கீழே தரையோடு தரையாக ஊர்ந்து, எதிர்ச்சுவரை அடைந்ததும் மறுபடி ஏறிப் பதினைந்தாம் வீட்டுக்குச் சரியான உயரத்தில் போனது. பூவாத்தாள் அதைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள். தனியாக இருப்பவள், மகளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

வெள்ளிங்கிரி செத்து அப்போது பதினாறு வருடம். ஆலையின் சோதனைப் பிரிவில் வேலை. அங்கே ஆள் உயரப் பலகை ஒன்றின் பின்னால் கண்டன்சர்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவை மின்சாரத்தை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும், பால் நிறுத்திய பிறகும் கட்டிக்கொண்டிருக்கும் மடி மாதிரி. மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். காலை ஷிப்டுக்குப் போனவர் பலகையின் பின்னால் கையை விட்டார். அதோடு சரி. விசாரிக்க வந்த அதிகாரிகள் மீட்டரில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தார்கள். இருபத்து மூன்று நாளைக்கு முன்புதான் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தது. கருவி சரியாக இருக்கிறது, ஆள் பார்க்காமல் தொட்டிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று முதல் பூவாத்தாள் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் போட்டோவின் முன்னால் நின்று அவரைத் திட்டுவாள். “பாக்காம தொட்டியே. கண்ணு எங்க போச்சு உனக்கு. சந்தைக்குப் போனாலும் பாக்காம சொத்தக் கத்திரிக்காய அள்ளிட்டு வருவே. மீட்டரையும் அப்படித்தான் பாத்தியா. பாக்காம தொட்டியே.” பதினெட்டு வீட்டுக்கும் கேட்கும். நாங்கள் அதைக் கேட்டுத்தான் விளக்கு ஏற்றுவோம்.

கோடு தொய்ந்திருப்பதற்கு எங்களுக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. வீடு உள்வாங்குகிறது. ஆறுச்சாமி மட்டம் பார்க்கும் தன் டியூப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, அறையின் நாலு மூலையிலும் பிடித்துப் பார்த்தார்.

“தர சரியாத்தான் இருக்குதுங்க,” என்றார். “ஒரு நூலு கூட எறங்கல.”

“அப்ப கோடு எதுக்கு எறங்குது?”

ஆறுச்சாமி டியூப்பைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். “இது வெறும் தண்ணிங்க. அது மெசினு. மெசினு சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பதின்மூன்றாம் வீட்டுக்காரர்களும் பதினைந்தாம் வீட்டுக்காரர்களும் பயந்தார்கள். ஒரே சுவர், நடுவில் ஒன்று உட்கார்ந்தால் இருபுறமும் இழுத்துக்கொண்டு போகும். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஜோதிமணிதான் செயலாளர். நாலு பேர் அவளிடம் போனார்கள், பிறகு எட்டுப் பேர் போனார்கள். பதினான்காம் வீட்டைக் காலி செய்து, இடித்து, மண் கொட்டிக் கெட்டிப்படுத்திவிடுவது என்று முடிவானது. பூவாத்தாள் மகளோடு போய் இருந்துகொள்ளட்டும். இடிக்க நகராட்சியில் அனுமதி கேட்டபோது, கருவி சரியாக இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர் யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும் என்றார்கள். விவரம் தெரிந்தவர் எங்கள் வரிசையில் ஒருவர்தான்.

“ஞாயித்துக்கெழம எல்லாரும் கூடறோம். ஒரு கையெழுத்துப் போட்டுருங்ணா,” என்றாள் ஜோதிமணி.

கோதண்டபாணி தலையசைத்தார். சரி என்கிறாரா இல்லை என்கிறாரா என்று யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் யாருக்கும் சொல்லாமல் கோட்டைச் சரிசெய்யப் பார்த்தார். புதிய செல் மாற்றினார். மூங்கில் சிம்பால் ஒரு திருகை இம்மி திருப்பினார்; உடனே எங்கள் பதினெட்டு வீட்டிலும் கோடு ஒரு விரற்கடை ஏறியது, “ஏனுங், கோடு அலமாரிக்கு மேல போகுதுங்” என்று மூன்றாம் வீட்டிலிருந்து சத்தம் வந்தது. திருப்பி வைத்தார். இன்னொரு திருகைத் தொட்டார். கோடு மூச்சு வாங்குவது போலத் துடித்தது, தொட்டில் குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து அழுதன. பதினான்காம் வீட்டில் மட்டும் அது தரையைவிட்டு எழவில்லை. அவர் பெட்டியை நிறுத்தினார். கண்ணாடி அணைந்தது, கோடு அணையவில்லை. குழாயில் கட்டிய கம்பியைக் கழற்றினார், கோடு போகவில்லை. வசந்தாமணி சோற்றைப் போட்டுவைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சாப்பிடவில்லை, நாக்கில் பசை ருசி அடிக்கிறது என்றார்.

சனிக்கிழமை பகலில் பூவாத்தாள் ஏழாம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்ணா,” என்றாள், “உங்க மெசினு சொல்றது நெசந்தானுங்ளா? நெசம்னா நான் போயிடறனுங்க. யாரு மேலயும் எனக்குக் கோவம் இல்ல. அவரு கவனமில்லாத மனுசன், செத்தாரு. அவரு இருந்த வீடும் அப்படித்தான் போகும்போல. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா சாமானக் கட்டிருவேன்.”

கோதண்டபாணி மீட்டர் சுற்றியிருந்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பாக்கறேன் பூவாத்தா,” என்றார்.

அவள் அதற்காகவே காத்திருந்தவள் போல, “பாருங்ணா, நீங்க பாத்தாச் சரி,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் பதினான்காம் வீட்டின் முன்னால் கூடினோம். பூவாத்தாள் பாத்திரங்களை இரண்டு மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். போட்டோவைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று சுவரிலேயே விட்டிருந்தாள். ஆறுச்சாமி கடப்பாரையோடு வந்திருந்தார். அதை யார் கண்ணிலும் படாமல் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். ஜோதிமணி தாளை நீட்டினாள்.

“‘கருவியைப் பரிசோதித்தேன், சரியாக உள்ளது.’ அவ்வளவுதாங்ணா. இந்தாங்க பேனா.”

அவர் தாளை வாங்கினார். பேனாவை வாங்கினார். அந்த வாக்கியத்தை அவர் தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பார் என்பது எங்களில் பலருக்குத் தெரியும், ஏனென்றால் எங்களில் பலர் அவரோடு உட்கார்ந்து அந்த ஸ்டிக்கர்களை ஒட்டியிருக்கிறோம். ஆலையில் தணிக்கைக்கு வெளியாட்கள் வருவதற்கு முந்தின மூன்று நாள் கருவி அறையில் இருநூற்று நாற்பது மீட்டருக்கும் ஸ்டிக்கர் போட்டாக வேண்டும். இருநூற்று நாற்பதைத் திறந்து பார்க்க இரண்டு மாதம் ஆகும். ஆகவே யாரும் திறக்கவில்லை. டீயும் வடையும் வாங்கிவைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ள, நாங்கள் ஸ்டிக்கரின் பின்புறத்தை நாக்கில் தொட்டு எடுத்துக்கொண்டு போய் ஒட்டிவிட்டு வருவோம். சிரிப்பும் கேலியுமாக நடக்கும். எல்லா வருடமும் அப்படித்தான். வேலைக்குப் பேர்கூட வைத்திருந்தோம், நாக்கு வேலை என்று.

“மெசினு தப்புங்க,” என்றார் கோதண்டபாணி.

“என்னங்ணா சொல்றீங்க. பதினெட்டு வீட்டுல சரியா இருக்குது, ஒரு வீட்டுல மட்டும் தப்பாயிருமா?”

“தப்பான மீட்டர வெச்சு அதுக்குப் பூஜ்யம் வெச்சேன்.” வேட்டியைப் பிரித்தார். கறுப்பு மீட்டர் ஒன்று, கண்ணாடியின் ஓரத்தில் பழுப்பாகிப்போன ஸ்டிக்கரோடு. “பூவாத்தா. இது வெள்ளிங்கிரி பாத்த மீட்டரு.”

பூவாத்தாள் மூட்டையின் முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். “அவருதான் பாக்கலீங்ளே,” என்றாள்.

“பாத்தாரு. பாத்துட்டுத்தான் தொட்டாரு. இது பூஜ்யம்னு காட்டுச்சு. முள்ளு மாட்டியிருந்துச்சு. நான் இதத் தெறந்தே பாக்கல, ஸ்டிக்கர மட்டும் ஒட்டுனேன். அன்னைக்கு ஆபீசருங்க வர்றதுக்கு முன்னாடி கண்ணாடில நகத்தால ஒரு தட்டுத் தட்டுனேன். முள்ளு நானூறுக்குப் போச்சு. அப்பறம் அவுங்க வந்து, பாத்துத்தான் ஒட்டுனியான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். ஒரு மாசங்கழிச்சு இதக் கழட்டி, டிபன் கேரியர்ல போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்.”

“அப்ப எங்க அலமாரியெல்லாம்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

ஜோதிமணியின் கணவர் குப்புராஜ், எப்போதும் அவள் பின்னால் நிற்பவர், ஓரடி முன்னால் வந்தார். “அந்த வருசம் நானும் அறுபது ஒட்டுனேன்,” என்றார்.

“நீங்க சித்த சும்மா இருங்க,” என்றாள் ஜோதிமணி.

“சும்மாத்தான இருந்தேன். பதினாறு வருசமா.”

பூவாத்தாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் பார்வை யார்மேல் வந்ததோ அவர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு அவள் குனிந்து ஒரு மூட்டையை எடுத்து உள்ளே வைத்தாள், இன்னொன்றை எடுத்து உள்ளே வைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறுச்சாமி கடப்பாரையைத் தூக்காமல் மண்ணில் இழுத்துக்கொண்டே போனார்.

நாங்கள் வீடு திரும்பியபோது பதினெட்டு வீட்டிலும் கோடு தரையில் கிடந்தது. சுவரைவிட்டு இறங்கி, தரையோடு தரையாக, கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவே, பூஜை மாடத்துக்கும் வாசலுக்கும் நடுவே ஊர்ந்து போனது. பாய் போட்டு மூடினோம். பாயின் மேல் வந்தது. கோலமாவைக் கொட்டினோம், மாவின் மேல் வந்தது. சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினோம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினோம், விருந்தாளி வந்தால் பார்த்து வாங்க என்று சொல்லக் கூசி, அவர்களும் தாண்டட்டும் என்று பேசாமல் இருந்தோம். விருந்தாளிகள் ஏனென்று கேட்டார்கள். தண்ணீர்க் குழாயில் ஏதோ கோளாறு என்றோம். அலமாரிகளை யாரும் மாற்றி அடிக்கவில்லை. எதற்கு நேராக அடிப்பது என்று தெரியவில்லை.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் பதினான்காம் வீட்டிலிருந்து சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாங்கள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, இருட்டிவிட்டதைக் கண்டு ஏற்றினோம். பதினாறு வருடம் ஒரு பெண் தன் புருஷனைத் தப்பாகத் திட்டியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் நாங்கள் அதைக் கேட்டிருக்கிறோம். கேட்டுக்கொண்டே திரியைத் தூண்டியிருக்கிறோம். எட்டு நாள் அப்படிப் போனது. கோதண்டபாணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வசந்தாமணி அவரோடு பேசவில்லை, ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் அந்தி நேரத்தில் பூவாத்தாள் வந்தாள்.

“அந்த ஸ்டிக்கரு மிச்சம் வெச்சிருக்கியா?”

இருபத்தைந்து வருடமாக அவரை ஏனுங்ணா என்று கூப்பிட்டவள். அவர் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒரு கட்டு இருந்தது. ஒன்றை உருவினார். பேனா எடுத்துக்கொண்டார். அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் நடந்தார். ஏழு வாசல் தூரம்தான். பதினாறு வருடத்தில் அவர் அந்த வீட்டுப்படி ஏறியதில்லை என்பது அவர் ஏறத் தயங்கியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்களும் போய் வாசலில் நின்றோம். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

அந்த வீட்டில் மட்டும் கோடு எழும்பியிருந்தது. பதின்மூன்றாம் வீட்டுத் தரையிலிருந்து சுவரைத் தாண்டி உள்ளே வந்ததும் மேலே ஏறி, நெஞ்சு உயரத்தையும் தாண்டி, வெள்ளிங்கிரியின் போட்டோவில் கண்ணுக்குச் சற்றுக் கீழே நேராக ஓடியது. அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஸ்டிக்கரின் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. கருவி. பார்த்த நாள். நிலை. கையொப்பம்.

“கருவின்னு இருக்கற எடத்துல அவரு பேர எழுது,” என்றாள்.

எழுதினார்.

“நாளப் போடு.”

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. போட்டார்.

“நெலையில நீங்கெல்லாம் என்ன எழுதுவீங்க?”

“சரின்னு எழுதுவோம்.”

“பாத்தாருன்னு எழுது.”

பார்த்தார் என்று எழுதினார். பிறகு பழக்கத்தில் ஸ்டிக்கரின் பின்புறத்தை நாக்கில் தொட்டார், தலையைக் குனிந்தபடியே போட்டோவின் கண்ணாடியில், ஓரத்தில், கையால் தடவி ஒட்டினார். கையொப்பத்துக்காகப் பேனாவைக் கொண்டுபோனார்.

“இரு,” என்றாள் பூவாத்தாள். “மூஞ்சியப் பாக்காமயே போடறியே.”

பேனா நின்றது.

“மொதல்ல பாரு. பாத்துட்டுப் போடு.”

கோதண்டபாணி தலையை நிமிர்த்தினார். வாசலில் நின்ற நாங்கள் குனிந்துகொண்டோம்.